ஓட்டு நம்முடையது, மந்திரி புசாரும் நம்மால்தான்

தோட்டத்துத் தோழர்களே!

"யாரு மந்திரி புசாரா வந்தா நமக்கென்ன? விடிஞ்சா குலை வெட்டத்தானே போகணும்!" என்று சொல்லுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துச் சங்கதி ஒன்றை நினைவுபடுத்துகிறோம்.

மந்திரி புசாருக்கென்று தனி ஓட்டுச் சீட்டு கிடையாது. சிலாங்கூரில் சட்டமன்றத் தொகுதிகள் 56. அவற்றில் பெரும்பான்மை, அதாவது 29 பேரின் ஆதரவு, யாருக்கு உண்டோ அவரையே சுல்தான் நியமிக்கிறார். ஆகவே நம் தொகுதியில் விழும் ஒவ்வோர் ஓட்டும் அந்தக் கணக்கில் சேருகிறது.

ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் 2007 ஏப்ரலில் காலமானார். அதே மாதம் 28ஆம் தேதி இடைத்தேர்தல். ம.இ.கா.வின் கே. பார்த்திபனை எதிர்த்து நின்றவர், முன்பு கத்ரி தோட்டக் கம்பெனியின் தலைமை நிர்வாகியாக இருந்த காலிட் இப்ராஹிம். அந்த நாட்களில் சாலைக்குத் தார் வந்தது, தலைவர்கள் வந்தார்கள், வாக்குறுதிகளும் வந்தன. பார்த்திபன் 1,850 ஓட்டு அதிகம் பெற்று வென்றார்.

ஓராண்டு கூட ஆகவில்லை. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் அதே ஈஜோக்கில் காலிட் வென்றார். எதிர்க்கட்சிகளுக்கு 36 இடம். சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாகச் சிலாங்கூரில் ஆட்சி மாறியது. ஈஜோக் உறுப்பினரே மந்திரி புசார் ஆனார்! தோற்றவரை ஒரே வருடத்தில் மாநிலத் தலைவராக்கியது மக்களின் ஓட்டுதான்.

2023 ஆகஸ்ட் 12 தேர்தலில் பக்காத்தான் ஹராப்பானும் தேசிய முன்னணியும் சேர்ந்து 34, பெரிக்காத்தான் நேஷனல் 22. அமிருடின் ஷாரி மீண்டும் மந்திரி புசாரானார். ஈஜோக்கோ பெரிக்காத்தான் பக்கம் போனது. எந்தத் தொகுதியும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல.

இதில் நமக்கென்ன? நிலம் மாநில அரசின் அதிகாரம். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி பண்ணச் சொன்னால், மாற்று வீட்டுக்கு நிலம் கேட்டு அங்கேதான் போகணும். 2024 மே 11 கோலகுபு பாரு இடைத்தேர்தலின்போது புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி முதலிய தோட்டத்தாரின் நெடுநாள் வீட்டுப் பிரச்சினை மேடை ஏறியது; வீடு கட்டப் பணம் ஒதுக்கும் அறிவிப்பும் வந்தது. ஜ.செ.க.வின் பாங் சோக் தாவ் 3,869 ஓட்டில் வென்றார். கேட்டால்தான் காது கொடுப்பார்கள் என்பதற்கு இது சாட்சி.

ஆகவே ஒரு காரியம் செய்வோம். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானோர் தாமாகவே வாக்காளராகிறார்கள். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் அடையாளக் கார்டில் புது விலாசம் போட்டால் மட்டும் போதாது. தொகுதியை மாற்றத் தேர்தல் ஆணையத்திடமும் விண்ணப்பிக்கணும். ஓட்டு ஓரிடம், வீடு ஓரிடம் என்றிருந்தால், நம் குறையை யாரிடம் சொல்லுவது? இன்றே வீட்டில் எல்லோருடைய விலாசத்தையும் பாருங்கள்.