வாரத்துக்கு 150 நிமிடம்

"நேரமே இல்லை" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. விடிவதற்குள் எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, மின்சார ரயிலைப் பிடித்து ஓடி, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னால் எப்படி முடியும்? பலர் நாலே நாளில் கைவிடுவதற்குச் சோம்பல் காரணமல்ல, அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் காரணம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு வேறு. 18 முதல் 64 வயதுள்ளவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. மிதமானது என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஓட்டம் போலக் கடுமையான பயிற்சி என்றால் 75 நிமிடமே போதும். முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தார்கள். அந்த நிபந்தனை இப்போது இல்லை. வேகமாக மாடிப்படி ஏறும் மூன்று நிமிடமும் கணக்குதான்.

என் கணக்கைச் சொல்கிறேன். திங்கள், புதன், வெள்ளி மாலையில் மகளை டியூஷனில் விட்டுவிட்டு, வாசலில் வண்டி மேல் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்த நேரத்தில் அதே தெருவை வேகமாகச் சுற்றுகிறேன். நாளுக்கு 25 நிமிடம், மூன்று நாளில் 75. காலையில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஏறாமல் எட்டி நடந்தால் 10 நிமிடம், ஐந்து நாளில் 50. ஞாயிறு காலை 30. ஆக 155. இதற்காக நான் எந்த வேலையையும் விடவில்லை. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் அன்றன்றைய நிமிடத்தைப் பென்சிலால் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை கூட்டிப் பார்த்தால் ஞாயிறு எவ்வளவு நடக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு பயிற்சியை முடிச்சுப் போடுவதுதான் இதில் முக்கியம். "நேரம் கிடைத்தால் நடப்பேன்" என்பது நடக்காது. "டியூஷன் வாசலில் வண்டியை நிறுத்தியதும் நடப்பேன்" என்றால் கால் தானாகக் கிளம்பும்.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று பலரும் சொல்வதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில் நடுத்தரமாக 66 நாள் என்று வந்தது; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. எனக்கு ஆறுதல் தந்த செய்தியும் அதில் உண்டு: இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. மழையோ, கல்யாணமோ, காய்ச்சலோ வரத்தான் செய்யும். விட்டுப்போன நாளுக்காக வருந்தி வாரத்தையே விட்டுவிடாதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும்.

இதய நோய் உள்ளவர்களும் நடந்தால் நெஞ்சு வலிக்கிறவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் இன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் 10 நிமிடம் நடந்துவிட்டு, காலண்டரில் அந்த 10-ஐ எழுதுங்கள்.