வணிகர் வீட்டில் கூடை, செடி, பூனை

இவ்விதழில் நாம் வழக்கமாக எழுதுவது பருப்பு வரத்து, வரி விவரம், எடைக்கருவி முத்திரை போன்றவைதாம். இம்முறை வீட்டைப் பற்றி எழுதுகிறோம் என்றதும் இதழ்க் குழுவினர் சிரித்தார்கள். காரணத்தைச் சொன்ன பின் சிரிக்கவில்லை.

நம்மோடு நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மண்டி நடத்திய நண்பர் ஒருவர், மூன்றாண்டுகளுக்கு முன் கடையைப் புதல்வர்களிடம் ஒப்படைத்தார். காலை 6 மணிக்குக் கடை திறந்து பழகிய மனிதர். ஒப்படைத்த மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்தார், குளித்தார், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று கணக்குப் பார்த்தார். மளிகைச் சிட்டையைத் திருத்தினார். மருமகள் முகம் சுளித்தாள். கடைக்குப் போனார், வெளியூர் வியாபாரி முன்னிலையிலேயே கணக்குப்பிள்ளையைச் சத்தம் போட்டார். "அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்கப்பா" என்று மகன் சொல்லிவிட்டான். அதன் பிறகு அவர் கடைக்கும் போகவில்லை, யாரோடும் அதிகம் பேசவும் இல்லை.

இதைப் பார்த்தபோது நமக்கு வயிற்றைக் கலக்கியது. நமக்கும் கடையைத் தவிர வேறொன்றும் தெரியாதே! நமது விருதுநகர் போன்ற ஊர்களில் மொத்த வியாபாரிகளில் பெரும்பாலோர் நிலை இதுதான். ஆகவே, கடையை விடுவதற்கு முன்பே வீட்டில் கைக்கு ஒரு வேலை தேடிக் கொண்டோம். அதில் கற்றதையும் கெட்டதையும் இங்கே சொல்கிறோம்.

முதலில் தோட்டம். இடமில்லை என்று சொல்ல வேண்டாம், மொட்டை மாடி இருக்கிறது. விதை வேண்டுமே என்றால், நம் சரக்கிலேயே விதை இருக்கிறது. வெந்தயம், கடுகு, முழு மல்லி, முழு உளுந்து, வற்றல் மிளகாயின் விதை எல்லாம் முளைக்கக் கூடியவை. உடைத்த பருப்பு முளைக்காது. மல்லியை முழுதாகப் போடாமல் உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். ஆனால் பழைய இருப்பும், உலர் இயந்திரத்தில் அதிகச் சூடு பட்ட சரக்கும் முளைக்காமல் ஏமாற்றும். எனவே நாம் மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்ப்பது போல, பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்க்க வேண்டும். ஏழு எட்டு முளைத்தால் நல்ல விதை. வெந்தயக் கீரை 20, 25 நாளில் பறிக்கலாம். வெண்டைக்குக் கடை விதை உதவாது, விதைக் கடையில்தான் வாங்க வேண்டும். அது 45 நாளில் காய்க்கத் தொடங்கும்.

மண் கலவைக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு, ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், அத்துடன் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் தண்ணீரில் ஊற வைத்து, அந்தக் கரைசலைப் பத்து மடங்கு நீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊற்றுகிறோம். நாற்றம் பொறுக்க முடியாது. பக்கத்து வீட்டார் சாப்பிடும் நேரத்தில் ஊற்றாதீர்கள். கடையில் சலித்து ஒதுக்கும் உளுந்தம் பொட்டும் தூசியும் எரு மக்குவதற்கு நல்ல பொருள்கள். முன்பு அவற்றைக் குப்பையில் கொட்டினோம்.

சாக்கில் மண் நிரப்பினால் செலவில்லை என்று முதலில் கணக்குப் போட்டோம். அது தப்புக் கணக்கு. சணல் சாக்கு ஒரு பருவத்திலேயே மக்கி அடி விட்டுவிடுகிறது. அரிசி வரும் பிளாஸ்டிக் சாக்கோ வெயிலில் நைந்து, நூல் நூலாக உதிர்ந்து மாடி முழுவதும் பறக்கிறது. இப்போது மானாமதுரை மண்தொட்டிக்கு மாறிவிட்டோம். கடம் செய்வதற்குப் பெயர் போன ஊரல்லவா! மண்தொட்டி ஈரத்தை மெல்லக் கசியவிடுவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கிறது. சித்திரை, வைகாசியில் காலை மாலை இருவேளையும் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். நம் ஊரில் தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள்; அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் பாதித் தேவையை முடித்து விடுகின்றன. பச்சை நிழல்வலை கட்டினால் இன்னும் மிச்சம்.

இன்னொன்று, எடை. மொத்த வியாபாரிக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ஒரு கன அடி மண் ஈரத்தோடு ஏறக்குறைய இரண்டு அரிசிச் சிப்பத்தின் எடை. நார்க் கழிவு சேர்த்தால் கணிசமாகக் குறையும். ஆனாலும் பெரிய தொட்டிகளை மாடியின் நடுவில் அடுக்காமல், சுவரும் உத்திரமும் வரும் இடங்களில் ஓரமாக வைப்பதுதான் சரி. தொட்டியைத் தளத்தோடு தளமாகவும் வைக்கக் கூடாது. நாம் அப்படி வைத்து, பூஜை அறை மேற்கூரையில் ஈரம் இறங்கி, வெள்ளையடித்த சுவர் எல்லாம் தேசப்படம் போல் ஆகிவிட்டது. துணைவியார் ஒரு மாதம் அதைச் சொல்லிக் காட்டினார். இப்போது ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் செங்கல் இருக்கிறது.

அடுத்தது கைவேலை. துணைவியார் ஒயர் கூடை பின்னுவார். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு எல்லாம் அவருக்கு அத்துப்படி. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தபோது, நம்மில் பலர் முணுமுணுத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அப்போது நம் வீட்டில் ஆணியில் தொங்கிய ஒயர் கூடைக்குப் பதினைந்து வயது. அதுவும் பிளாஸ்டிக்தான், ஆனால் பதினைந்து ஆண்டும் ஒரே கூடை!

நமக்கு ஒயர் பிடிபடவில்லை. விரல் தடித்துப் போயிற்று. ஆனால் கோணி ஊசி பிடிபடும். பதினாறு வயதில் கடைக்கு வந்த காலத்தில் மூட்டை வாய் தைத்த கையல்லவா! நல்ல சணல் சாக்கைக் கழுவிக் காயவைத்து, வெட்டி, ஓரம் மடித்துச் சணல் நூலால் தைத்துப் பைகளும் கால்மிதிகளும் செய்கிறோம். பேத்தி அதன் மேல் கம்பளி நூலால் பூ வைக்கிறாள். ஒரு பைக்கு ஒரு மாலைப்பொழுது ஆகிறது. கூலி கணக்குப் பார்த்தால் நஷ்டம். கணக்குப் பார்க்காமல் ஒரு வேலை செய்வது நமக்குப் புதிது.

இனிப் பூனை. தானியக் கிடங்கு வைத்திருப்பவர்களுக்குப் பூனையின் அருமை தெரியும். ஓர் எலி நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தானியம் தின்னும். தின்பதைவிடக் கொறித்தும் அசுத்தம் செய்தும் கெடுப்பது அதிகம். தகப்பனார் காலத்திலிருந்து நம் கிடங்கில் பூனைதான் காவல். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உணவுப்பொருள் வைத்திருக்கும் இடத்தில் பிராணிகளை அனுமதிக்கக் கூடாது. அந்த விவரம் நமக்குத் தாமதமாகத்தான் தெரிய வந்தது. அதற்குள் ஒரு தவறு செய்துவிட்டோம். ஒரு மூலையில் எலி மருந்து வைத்தோம், மறு மூலையில் பூனை வளர்த்தோம். மருந்து தின்று தள்ளாடிய எலிகளைப் பிடித்துத் தின்று வந்த பூனை, சில நாளில் மூக்கில் இரத்தம் கசிந்து இறந்தது. இரத்தம் உறையாமல் செய்யும் எலி மருந்துகள், எலியைத் தின்ற பிராணியையும் கொல்லும். அட்டையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். நாம் விலையை மட்டும் படித்திருந்தோம்.

அதன் குட்டியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வயது வந்த பூனைக்குப் பசும்பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, வயிறு போகும் என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது நமக்கு ஆச்சரியம். சோறும் மீனும் போதும். நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். கடித்தாலோ நகம் கீறினாலோ, மஞ்சள், சுண்ணாம்பு என்று எதையும் வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் மாவட்டத்து இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள். அதை வளர்க்கப் பலருக்கு ஆசை உண்டு. அது வேட்டை நாய், ஓடத் தோட்டம் துரவு வேண்டும். கடைவீதி வீட்டில் கட்டிப் போடுவது பாவம். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதோ 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படியே. ஆமை வந்தால் செல்வம் என்று யாராவது விற்க வந்தால் வாங்கி மாட்டிக் கொள்ளாதீர்கள்.

அந்த நண்பரைப் பற்றிச் சொல்லாமல் விட்டோமே. சென்ற தை மாதம் இரண்டு மிளகாய்ச் செடிகளைத் தொட்டியோடு அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். முதலில் தொடவே இல்லை. மருமகள்தான் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மாதம் கழித்து நம் மாடிப்படி ஏறி வந்தார். "என்னய்யா செடி கொடுத்தீர்? இலையெல்லாம் சுருட்டிக்கிட்டுப் போகுது" என்று பிடித்துக் கொண்டார். இலைப்பேனும் சிலந்தியும் செய்கிற வேலை அது; லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி வாரம் ஒருமுறை தெளியும் என்றோம். வேப்பெண்ணெய் 3 மில்லி போதும், 5 மில்லி போட்டால் இலை கருகும் என்கிறார் அவர். அந்தத் தர்க்கம் இன்னும் தீரவில்லை. ஞாயிறுதோறும் வருகிறார்.