முழவொலியும் மின்பலகையும்

சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் கூறுவது இசைவாணர் மரபு. அத்தந்தையின் இடத்தில் இன்று பல மேடைகளில் இருப்பது தோற்கருவி அன்று. மின்விசையால் இயங்கும் கீபோர்டு. சிங்கப்பூரின் கிழக்கே தெம்பனிஸ் போன்ற அடுக்குமாடி நகரங்களில், பாடுவார் ஒருவரும் கீபோர்டு வாசிப்பார் ஒருவரும் இருந்தால் ஒரு பாட்டு நிகழ்ச்சி நடந்தேறிவிடும். இடச்சுருக்கமும் பொருட்செலவும் நோக்க, இதனைக் குறை என்று சொல்வதற்கில்லை. ஆயினும், அப்பெட்டியிலிருந்து எழும் மிருதங்க ஒலி ஏன் பாட்டோடு ஒட்டுவதில்லை என்னும் ஐயம் செவியுடையார்க்கு எழுவதுண்டு. அதற்குக் காரணம் கருவியின் விலைக் குறைவு அன்று. முழவின் இயல்பை எண்ணாது ஒலியை அமைத்தலே காரணம்.

கருவி இயங்கும் முறை

அரேஞ்சர் கீபோர்டு என்பது பக்க இசையைத் தானே அமைத்துத் தரும் கருவி. வாசிப்பவரின் இடக்கை சுரக்கூட்டு ஒன்றை அழுத்துகிறது. கருவியில் முன்னரே பதிந்துள்ள தாளமும் பிற வாத்தியங்களும் அதற்கேற்ப ஒலிக்கின்றன. இவ்வாறு பதிந்துள்ள அமைப்பினை 'ஸ்டைல்' என்பர். கனடா நாட்டில் 1990இல் வெளிவந்த 'பேண்ட் இன் எ பாக்ஸ்' என்னும் மென்பொருள் இதே பணியைக் கணினியில் செய்வது.

தாளத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி பழமையானது. அமெரிக்காவில் உருவான சேம்பர்லின் ரிதம்மேட், உண்மையான மத்தள வாசிப்பை ஒலிநாடாவில் பதிந்து சுழற்றியது. 1980இல் ரோஜர் லின் வடித்த எல்எம்-1, தோற்கருவியின் ஒவ்வோர் அடியையும் எண்முறையில் பதிந்து ஒலிக்கச் செய்தது. இவ்வாறு பதிந்த தனி அடியே 'சாம்பிள்', அதாவது ஒலிமாதிரி, எனப்படுகிறது. பின்னர் 1991இல் கருவிகளுக்கிடையே பொதுவான ஒலி வரிசை ஒன்று வகுக்கப்பட்டது. அதில் தாளவொலிகள் 47 இடம்பெற்றன. பாங்கோவும் காங்காவும் அவற்றுள் உண்டு; மிருதங்கமும் தபலாவும் இல்லை. நம் முழவுகள் பிற்காலத்தில் தனித் தொகுப்பாகவே கீபோர்டுகளில் வந்து சேர்ந்தன.

சுருதி பிறழும் முழவு

மேனாட்டு டிரம், பாட்டின் சுருதியோடு சேர்க்கப்படுவதில்லை. ஆகலின் பாடகரின் குரலுக்கேற்பக் கீபோர்டின் சுருதியை மாற்றும்போது பிற வாத்தியங்கள் மாறும், தாளவொலிகள் மாறா. மேனாட்டு இசைக்கு இது பொருந்தும். மிருதங்கத்திற்கோ பொருந்தாது. அதன் வலந்தலை பாட்டின் ஆதார சுருதியோடு சேர்க்கப்படுவது.

இதன் அறிவியல் அடிப்படையைச் சர் சி. வி. இராமன் விளக்கினார். 1920இல் சிவகாலி குமாருடன் இணைந்தும், 1934இல் தனித்தும் அவர் நம் முழவுகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். சாதாரணத் தோலை அடித்தால் அடிப்படை ஒலியைப்போல் 1.59, 2.14 மடங்கு எனப் பொருந்தாத மேலொலிகள் எழும். வலந்தலையின் நடுவிலுள்ள கருஞ்சாந்து அவற்றை 2, 3, 4, 5 என முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. எனவேதான் மிருதங்கம் பாடகரோடு சேர்ந்து பாடுகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பதிந்த ஒலியை ஐந்து கட்டையில் பாடுவார்க்கு வாசித்தால் அது பாடகரோடு முரண்படுவது இதனால்தான்.

மாதிரியைத் தனியே உயர்த்தலாம் எனின், சிறிதளவே உயர்த்தலாம். மிகுந்தால் ஒலியின் தன்மை கெடும். தக்கு சுருதிக்கு ஒன்றும் எச்சு சுருதிக்கு ஒன்றுமாக இரு மிருதங்கங்கள் வைத்திருப்பது வித்துவான்களின் வழக்கம். ஒலிமாதிரியையும் அவ்வாறே இரு தொகுதிகளாக வைத்திருத்தல் நலம்.

எழுத்தும் புணர்ச்சியும்

தமிழாசிரியர்க்கு அடுத்த குறையை விளக்குதல் எளிது. ஒலிமாதிரி ஒவ்வொன்றும் ஓர் எழுத்தைப் போன்றது. எழுத்துகளை அடுக்கினால் மட்டும் தொடர் அமைந்துவிடாது, புணர்ச்சி வேண்டும். மிருதங்கத்திலும் 'தா', 'தொம்', 'நம்' என்னும் சொற்கள் அடுத்து வருவதற்கேற்ப வேறுபடும். ஓர் அடியின் ஒலி ஓயுமுன் அடுத்த அடி அதனை அடக்கும். தொப்பியில் கை தோலை அழுத்தி நகர்வதால் எழும் கும்கியில் ஒலி வழுக்கிச் செல்லும். உறுமியில் வளைகுச்சி தோலை உரசுவதே ஒலி. இவை ஓர் அடியாகப் பதிந்தால் அகப்படா.

ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஒலித்தால் செவி உடனே இயந்திரம் என்று கண்டுகொள்ளும். ஆகலின் நல்ல தொகுப்புகளில் மென்மைக்கும் வன்மைக்கும் வேறு வேறு பதிவுகள் இருக்கும். ஒரே அடிக்கும் பல பதிவுகள் மாறி மாறி வரும். மேற்சொன்ன கனடிய மென்பொருளோ 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வேறு வழி கண்டது. தனி அடிகளை விடுத்து, கலைஞர் வாசித்த நீண்ட பகுதிகளையே அது ஒலிக்கச் செய்தது. இதில் புணர்ச்சி கெடாது. ஆனால் வேண்டியபோது சொல்லை மாற்ற இயலாது. சொற்கட்டிற்குத் தனி அடிகளும், கும்கிக்கும் உறுமிக்கும் தொடர்ப் பதிவும் என இரண்டையும் கலந்து கொள்வதே தக்கது.

நான்கில் அடங்காத நடை

கீபோர்டுகளில் உள்ள ஸ்டைல்களுள் பெரும்பாலானவை நான்கெண் கணக்கின. மூன்றும் ஆறும் சில. கண்ட சாபுவின் ஐந்தும் மிசிர சாபுவின் ஏழும் அரியன. ஆயத்த ஸ்டைலுக்காக ஏழெண் பாட்டை எட்டாக நீட்டிப் பாடினால் கெடுவது தாளம் மட்டும் அன்று. சொல்லின் அசையும் நெடிலும் இடம் பெயர்கின்றன. அதைக் கேட்டு வளரும் சிறுவர் அப்பிழையையே பாட்டெனக் கொள்வர்.

செய்யத்தக்கது

யமஹாவின் எக்ஸ்பான்ஷன் மேனேஜர், அந்நிறுவனத்தின் உயர்நிலைக் கீபோர்டுகளில் சொந்த ஒலிமாதிரிகளைச் சேர்க்க உதவும். கோர்க் பிஏ வரிசையிலும் இவ்வசதியுள்ள கருவிகள் உள. வேண்டுவது நல்ல மிருதங்கமும் அதை வாசிக்கும் கலைஞருமே. தெம்பனிஸிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு டவுன்டவுன் ரயில்தடத்தில் 2017 முதல் மாறாமலே செல்லலாம். 1949இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இந்நகரிலேயே கலை பயிற்றி வருகிறது. எனவே உயிருள்ள முழவு தொலைவில் இல்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதை தண்ணுமையாசிரியனுக்குத் தனி இலக்கணம் கூறுகிறது. பிற கருவிகளின் குறையை நிரப்புதலும் மிகையை அடக்குதலும் அவன் கடமை. அதற்கு அவன் கேட்க வேண்டும். கீபோர்டு இடக்கை அழுத்தும் சுரக்கூட்டை அறியுமேயன்றிப் பாடகரின் மூச்சை அறியாது. பாடகர் விருத்தம் பாடும்போது தாளத்தை நிறுத்துவதும், சரணம் தாழும்போது முழவைத் தணிப்பதும் வாசிப்பவர் விரலில்தான் உள்ளன. ஒலிமாதிரி எத்துணை உண்மையானதாயினும், தண்ணுமையோனின் செவி அவருக்கு வாய்த்தாலன்றி அது முழவாகாது.