கடித்த உயிரினத்தை அடையாளம் காணுதல்

மனிதரைக் கடித்த உயிரினம் எது என்பதைக் கடித்த தடம், கடிபட்ட இடம், நேரம், சூழல் ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு அறியலாம். தேனீ, குளவி, தேள் ஆகியவை கொடுக்கால் கொட்டுவதால் வலி உடனே தெரியும். கொசு, மூட்டைப்பூச்சி, உண்ணி ஆகியவை வாயுறுப்பால் குத்தி இரத்தம் உறிஞ்சுகின்றன. இவற்றின் கடி பெரும்பாலும் உடனே உணரப்படுவதில்லை.

பூச்சியின் உமிழ்நீருக்கு உடல் காட்டும் எதிர்வினையே தடிப்பு. ஒரே பூச்சி கடித்தாலும் ஒருவருக்குத் தடிப்பு பெரிதாகவும் மற்றொருவருக்குச் சிறிதாகவும் இருக்கலாம். ஆகவே தடிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

பொதுவான அடையாளங்கள்

* கொசு: பெண் கொசுக்கள் மட்டுமே கடிக்கும். டெங்கு, சிக்குன்குனியா நோய்களைப் பரப்பும் ஏடிசு கொசு கருநிற உடலில் வெண்கோடுகள் கொண்டது; பெரும்பாலும் பகலில் கடிக்கும்.
* மூட்டைப்பூச்சி: தட்டையான, செம்பழுப்பு நிறப் பூச்சி, சுமார் 5 மி.மீ. நீளம். இரவில் கடிக்கும். தடிப்புகள் சில வேளை வரிசையாக இருக்கும். மெத்தையின் தையல் ஓரங்களில் கரும்புள்ளிகள் காணப்படும்.
* தெள்ளுப்பூச்சி: இறக்கை இல்லாதது; தாவிச் செல்லும். நாய், பூனை உள்ள வீடுகளில் கணுக்காலைச் சுற்றிக் கடிக்கும்.
* உண்ணி: வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். தோலைப் பற்றிக்கொண்டு பல நாட்கள் இரத்தம் உறிஞ்சும்.

வலியில்லாத ஆபத்தான கடிகள்

வலி குறைவாக இருப்பதால் ஆபத்தும் குறைவு என்று கருதக் கூடாது. இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உள்ளன.

தமிழ்நாட்டிலும் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது, புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் இளம்பருவம். அது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கரும் பொருக்கு உண்டாகலாம். அக்குள், தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. காலத்தோடு கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் மருந்தால் குணமாகும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்தாகலாம்.

கட்டுவிரியன் பாம்பு இரவில், தரையில் உறங்குவோரைக் கடிப்பதுண்டு. பல் தடமும் வலியும் இல்லாமலே போகலாம் என்பதால் அது பூச்சிக்கடி என்று தவறாக எண்ணப்படுகிறது. பின்னர் வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றும்.

செய்ய வேண்டியவை

கடிபட்ட இடத்தைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். தோலைப் பற்றியுள்ள உண்ணியைத் தீயால் சுடாமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பாம்புக்கடி என்ற ஐயம் இருந்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். கடிபட்ட பின் சில நாட்களில் காய்ச்சல் வந்தால், புதர், வயல் பகுதிக்குச் சென்றதையும் உடலில் உள்ள கரும் பொருக்கையும் மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும்.