தைராய்டு கட்டி: கத்தி இல்லை, தழும்பு இல்லை, ஆனால்...

"பேசுங்கம்மா. என்ன வேணாலும் பேசுங்க."

படுத்திருக்கும் பெண்ணிடம் மருத்துவர் இப்படிக் கேட்பது பொழுதுபோக்குக்காக அல்ல. அவர் கையிலிருக்கும் ஊசியின் நுனி அந்தப் பெண்ணின் கழுத்துக்குள் ஒரு கட்டியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. கட்டிக்குப் பின்னால், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், குரல்நாணை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. சூடு அதை எட்டிவிட்டால் குரல் கம்மிப்போகும். அதனால் அவ்வப்போது நிறுத்திப் பேசச் சொல்கிறார்கள். முழு மயக்கம் கொடுத்துவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியில்லை. தோல் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, ஆளை விழிப்பாகவே வைத்திருப்பது இதற்காகத்தான்.

ரேடியோ அலைச் சிகிச்சை. மருத்துவமனைப் பேச்சில் ஆர்.எஃப்.ஏ. புற்று இல்லாத தைராய்டு கட்டிகளுக்கு இதைப் பெருமளவில் செய்து உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது தென்கொரியா. 2006-லேயே அங்கிருந்து ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அமெரிக்காவில் கருவிக்கு அனுமதி கிடைத்தது 2018-ல்தான். இன்று நம் பெருநகரங்களிலும் 'கத்தியின்றி, தழும்பின்றி' என்று விளம்பரம் வருகிறது.

கொரிய மருத்துவர்கள் வகுத்த முறையை நான் மெச்சாமல் இருக்க முடியாது. ஊசியைத் தொண்டையின் நடுப்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் செலுத்துகிறார்கள். அப்படிப் போனால் ஊசியின் முழு நீளமும் ஸ்கேன் திரையில் தெரியும். ஊசியை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துச் சுடுவதில்லை. கட்டியின் ஆழமான, எட்டத்து மூலையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கிழுத்து மேலே வருகிறார்கள். சுட்ட இடத்தில் கிளம்பும் குமிழிகள் திரையில் வெள்ளையாகப் படர்ந்து, அடியில் இருப்பதை மறைத்துவிடும். மேலே தொடங்கினால் கீழே நடப்பதைப் பார்க்க முடியாது. நரம்பு நெருக்கமாக இருந்தால் இடையில் குளுக்கோஸ் நீரைச் செலுத்தித் தள்ளிவைக்கிறார்கள். உப்பு நீர் கூடாது, அது மின்சாரத்தைக் கடத்தும்.

முடிந்ததும் ஒரு சின்ன பிளாஸ்திரி. பெரும்பாலோர் அன்றே வீட்டுக்குப் போகலாம். கட்டி அன்றே மறைவதில்லை. வெந்த சதையை உடம்பே மெல்ல மெல்ல அரித்து அகற்ற வேண்டும். ஆறு மாதத்தில் கட்டியின் கன அளவு ஏறக்குறைய பாதியாகும், அதன் பிறகும் சுருங்கும். சுடாமல் விட்ட ஓரத்திலிருந்து சிலருக்கு மறுபடி வளர்வதும் உண்டு.

இந்தச் சிகிச்சையில் மிஞ்சும் லாபம் தழும்பு இல்லாதது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. சுரப்பி மிஞ்சுகிறதே, அதுதான் என் கணக்கில் பெரிய லாபம். என் அத்தைக்கு 1994-ல் கழுத்தில் அறுவை. தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை என்று பயாப்ஸி பிறகு சொன்னது. அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. அரைமணி நேரம் கழித்துத்தான் காப்பி. ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாலும் சுருக்குப் பையில் முதலில் ஏறுவது மாத்திரை அட்டைதான். கழுத்துத் தழும்பை அட்டிகை மறைத்துவிட்டது. மாத்திரையிலிருந்து மட்டும் அவருக்கு இந்த முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. சுரப்பியை மொத்தமாக எடுத்தால் மனிதர் மந்தமாகி வீங்கிப்போவார் என்று ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் 1883-லேயே தம் நோயாளிகளைப் பார்த்து எழுதினார். தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மாத்திரை அந்த மந்தத்தைத் தடுக்கிறது என்பது உண்மை. தேவையின்றி எடுத்த சுரப்பிக்கு அது ஈடாகாது.

நீர்க்கட்டிக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. நீரை உறிஞ்சியதோடு விட்டால் பெரும்பாலும் மறுபடி கோத்துக்கொள்ளும். உறிஞ்சிய இடத்தில் சுத்தமான ஆல்கஹாலைச் செலுத்தினால் உட்சுவர் வெந்து ஒட்டிக்கொள்ளும். 1990 வாக்கில் தொடங்கிய முறை. சற்றுக் கசிந்தால் கழுத்து சுரீரென்று எரியும். மற்றபடி செலவும் குறைவு, பலனும் நன்று. விளம்பரப் பலகையில் மட்டும் இதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. விலை உயர்ந்த எந்திரம் தேவைப்படாத சிகிச்சைக்கு யார் பலகை வைப்பார்கள்?

லேசர், மைக்ரோவேவ், தோலைத் துளைக்காமலே வெளியிலிருந்து குவிக்கும் ஒலியலை என்று வேறு வகைகளும் உண்டு. அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டிக்குக் கதிரியக்க அயோடின். கட்டியைக் கரைக்கவென்று முன்பு தைராக்சின் மாத்திரை எழுதுவார்கள். பலன் குறைவு, வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும் என்று தெரிந்தபின் அது வழக்கொழிந்துவிட்டது.

அறுவை மருத்துவர்கள் ஒன்று சொல்கிறார்கள்: வெட்டி எடுத்த சதை முழுவதும் பரிசோதனைக்குப் போகும், சுட்ட சதை போகாது. நெஞ்சுக்குள் இறங்கிய பெரிய கட்டிக்குக் கத்திதான் சரி என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

என் பயம் வேறு. ஊசி இவ்வளவு சுலபமாகிவிட்டால், எதுவுமே செய்ய வேண்டாத கட்டியை யார் விட்டுவைக்கப்போகிறார்கள்?

இந்தப் பயத்துக்கும் கொரியாவிலேயே சாட்சி இருக்கிறது. 1999-ல் அந்த அரசு தேசியப் புற்றுப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. வந்தவர்களிடம் 'கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாம்' என்று மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. 2011-ல் தைராய்டு புற்று என்று பெயர் பெற்றவர்களின் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல். அந்தப் புற்றால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ அசையவே இல்லை, ஆண்டுக்கு 400-க்கும் குறைவு. ஆயுள் முழுக்கத் தொந்தரவே தந்திராத துளிகளைத் தேடிப்பிடித்து, ஏறக்குறைய எல்லோருக்கும் கழுத்தை அறுத்திருக்கிறார்கள். சிலர் குரலை இழந்தார்கள், பலர் கால்சியம் மாத்திரைக்கு அடிமையானார்கள். 2014-ல் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து 'வீணாகத் தேடாதீர்கள்' என்று பகிரங்கமாக எழுதினார்கள். ஓராண்டுக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

அங்கே கத்திக்கு நடந்தது இங்கே ஊசிக்கு நடக்காது என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத 100 பேரின் கழுத்தில் ஸ்கேன் வைத்தால் 20 பேருக்காவது கட்டி தெரியும். 60 பேருக்கு மேல் கட்டி கண்ட ஆய்வுகளும் உண்டு. வயது கூடக்கூட, அதிலும் பெண்களுக்கு, இது நரை முடி போல. கழுத்தை அழுத்துகிறது, விழுங்கக் கஷ்டம், பார்ப்பவர் கண்ணுக்குத் துருத்துகிறது என்றால் சிகிச்சை வேண்டும். அப்போதும், புற்று இல்லையென்று வழக்கமாக இரண்டு தனித்தனி ஊசிப் பரிசோதனைகள் சொன்ன பிறகே சுட வேண்டும் என்பதுதான் கொரியர்களே எழுதிவைத்த விதி. கண்ணுக்குத் தெரியாத, தொட்டாலும் அகப்படாத கட்டிக்கு இவை ஒன்றும் பொருந்தாது.

அத்தை மகள், எனக்கு மதினி, போன சித்திரையில் அலுவலகச் சலுகையில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டார். வலப்பக்கம் 9 மில்லிமீட்டர் கட்டி என்று அறிக்கை வந்தது. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "என்னைய மாதிரி இவளையும் வெட்டிருவாங்களோ, ஐயா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். வெட்ட வேண்டாம், ஊசியிலேயே முடித்துவிடலாம் என்று பரிசோதனை மையத்திலிருந்து தொலைபேசியில் ஒரு பெண் சொன்னார். பகல் சிகிச்சை, தள்ளுபடி, தவணை வசதி எல்லாம் சொன்னார். ஊசிப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், விழுங்கச் சொன்னார். தோற்றத்தில் லேசான ஐயம் மட்டுமே உள்ள வகை. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் 2017 அளவுகோல்படி 1.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இதற்கு மறு ஸ்கேன்கூட வேண்டாம் என்றார். "கழுத்துல ஏதாவது தட்டுப்பட்டா வாங்க. இல்லாட்டி வேலையப் பாருங்க."

மதினி வீட்டுக்கு வந்து அறிக்கையை பீரோவில் வைத்துவிட்டார். அத்தை அன்று ராத்திரி சாப்பிட்டார். அந்த மையத்திலிருந்து அழைப்பு மட்டும் இன்னும் நிற்கவில்லை. போன வாரம் பேசிய பெண், தள்ளுபடி மாதக் கடைசியோடு முடிகிறது என்றாராம். மதினி என்னிடம் கேட்டார், "ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. இருந்தாலும், செஞ்சுக்கிட்டா நல்லதுதானோ?"