மருந்தை மாற்றுமுன் மருத்துவரைக் கேட்போம்

கன்னங்களில் தடிப்பு, காதுமடலில் நாணயம் போன்ற வட்டத் தழும்பு, தலையில் முடி உதிர்ந்த திட்டு ஆகியவை வெயில் பட்டால் மிகுதியாகின்றனவா? இவற்றைப் படை என்று கருதிக் கண்ட களிம்பையும் தடவுவோர் நம்மிடையே உளர். ஆயின், இது தோலைத் தாக்கும் லூப்பஸ் நோயாகவும் இருக்கலாம். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் உடலைத் தாக்குவதால் வருவது இந்நோய். பெண்களிடையே இது மிகுதி. இது தொற்றுநோயன்று, நோயுற்றவரை ஒதுக்கி வைத்தல் தவறு.

இதற்குரிய முதன்மை மருந்தின் குடும்பம் நம் முன்னோர் அறிந்ததே. 1901ஆம் ஆண்டில் கிள்ளானை மலேரியாக் காய்ச்சல் வாட்டியபோது, டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியச் செய்து அதனைக் கட்டுப்படுத்தினார். அக்காலத்தில் தோட்ட மக்கள் விழுங்கிய கசப்பு மருந்து கொயினா. அது லூப்பசுக்கும் பயன்படுமென 1894இல் பெய்ன் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதினார். மற்றொரு மலேரியா மருந்தான மெப்பாக்கிரின் இந்நோயைத் தணிப்பதை 1951இல் பேஜ் என்பவர் எடுத்துக்காட்டினார். இன்று வழங்கப்படும் ஹைட்ரோக்சிகுளோரோகுயினும் மலேரியாவுக்கென வந்த மருந்தேயாகும்.

இம்மருந்து மெல்லவே வேலை செய்யும். பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். மூன்றாம் வாரத்திலேயே "இது கேட்கவில்லை" என்று நிறுத்திவிட்டு, பிரிக்பீல்ட்சிலுள்ள உறவினருக்குக் குணமளித்த மாத்திரையை வாங்கி உண்பது பெரும் பிழை. ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்கு ஏற்காது.

மருந்தை மாற்றுமுன் மருத்துவர் சில கேள்விகள் கேட்பார். தவறாமல் உண்டீர்களா? வெயிலில் நிற்கிறீர்களா? புகைபிடிக்கிறீர்களா? புகைப்போருக்கு நோய் கடுமையாவதும் உண்டு. இவற்றுக்குப் பின்னரே வேறு மருந்தைச் சேர்ப்பதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார்.

நாம் நினைவில் கொள்ள வேண்டியவை:

1. ஹைட்ரோக்சிகுளோரோகுயின் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 250 மில்லிகிராமே எல்லை. மிகுந்தால் கண்ணின் விழித்திரை கெடலாம். ஆகவே, தொடக்கத்தில் ஒரு முறையும், ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் கண் பரிசோதனை தேவை.

2. மெத்தோட்ரெக்சேட் கொடுக்கப்பட்டால், அது வாரத்திற்கு ஒரு முறை மட்டுமே உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் இதனை உண்ணலாகாது. முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

3. ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தக் கூடாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும். வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் நெடுநாள் தடவினால் தோல் மெலியும்.

விடியலில் பால் வெட்டத் தொடங்குவோர் பால் எடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. அகன்ற தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் அணிவது நலம். எந்த மருந்தும் வெயிலுக்கு ஈடு கொடுக்காது.

ஐயமிருப்பின் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். தேவையெனில் தோல் மருத்துவ நிபுணரிடம் அனுப்புவார்கள். செல்லும்போது இதுவரை உண்ட மாத்திரைகள், தடவிய களிம்புகள் அனைத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். நாட்டு மருந்தாயினும் மறைக்காதீர்கள். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று அஞ்சி உண்மையை மறைப்பதால் கெடுவது நம் உடலேயன்றோ?