உங்களுக்குத் தெரியுமா? கற்பிட்டி வரை வந்த ஸ்பெயின் பகை

1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லை ஆண்டவர்கள் ஸ்பெயின் மன்னர்களே. அதனால் ஸ்பெயினோடு மோதிய ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரின் கீழைக்கடல் வணிகத்தையும் குறிவைத்தார்கள். 1600இல் ஆங்கிலேயரும் 1602இல் ஒல்லாந்தரும் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கினார்கள்.

அந்தப் பகையின் தடம் இலங்கையின் புத்தளம் கரையிலும் உண்டு.

போர்த்துக்கேயரிடமிருந்து அங்குள்ள கற்பிட்டியைப் பறித்த ஒல்லாந்தர், 1667க்கும் 1676க்கும் இடையில் அங்கே கோட்டை எழுப்பினார்கள். சுவரெல்லாம் பவளப்பாறைக் கல். வாசலில் மட்டும் மஞ்சள் செங்கல். புத்தளம் களப்பின் வாயைக் காத்த இந்தக் கோட்டையால், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் புத்தளம் வணிகம் ஒல்லாந்தரின் கண்காணிப்புக்குள் வந்தது. கொடுமை என்னவென்றால், போர்த்துக்கேயரை விரட்ட 1638இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தவனே அவன்தான்!

1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இப்போது அங்கே இலங்கைக் கடற்படை இருக்கிறது.